மலையிறங்கிய கப்பல்

மலைச்சாமி: நான் சொல்றத செத்த நேரம் பொறுமையா கேளுங்க டீச்சர். கோவப்படக் கூடாது.

அல்போன்சா: கோவப்படல. மொதல்ல உக்காருங்க.

மலைச்சாமி: வேணாம். உக்காந்தா எனக்குச் சொல்ல வராது.

அல்போன்சா: சரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க. என் கட்டுரைல என்ன கோளாறு?

மலைச்சாமி: கட்டுரைல ஒரு கோளாறும் இல்ல. தங்கமா இருக்கு. அதுல வருது பாருங்க கப்பலு... அதான்...

அல்போன்சா: கப்பலுக்கு என்ன?

மலைச்சாமி: அது கப்பல் இல்ல டீச்சர்.

அல்போன்சா: பின்ன?

மலைச்சாமி: ஆடு.

சூசையம்மாள்: அல்போன்ஸு! யாரு வாசல்ல? ஆடு விக்கவா வந்திருக்காக? கறி வேணாம்னு சொல்லு, இன்னிக்கி நாம சுத்தபோசனம்.

அல்போன்சா: ஆடு விக்க வரலம்மா. அச்சாபீஸ் மலைச்சாமிண்ணன். எங்க பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் பாட்டுப் புத்தகம் அடிச்சாங்கல்ல, அதுக்கு எழுத்துக் கோத்தவரு.

சூசையம்மாள்: அப்ப ஆடு?

அல்போன்சா: அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்க சொல்லுங்கண்ணே. விளங்கும்படியா.

மலைச்சாமி: மதுரையில வாத்தியாருக மாநாடு நடக்கப்போகுதுல்ல. அதுக்கு ஒரு மலர் போடுறாக. வேலை எங்க அச்சாபீஸுக்குத்தான் வந்திருக்கு. அதுல உங்க கட்டுரைய நான்தான் கோத்தேன். பாட்டுப் புத்தகம் இருவத்தேழாம் பக்கத்துப் பாட்டுக்கு வியாக்கியானம். எட்டுப் பக்கம்.

அல்போன்சா: ஆமா.

மலைச்சாமி: நாப்பத்தோரு எடத்துல கப்பல் வருது. ஷிப்பு, ஷிப்பு, ஷிப்புன்னு. கோத்துக்கிட்டே வாரேன்... ஏலே மலைச்சாமி, இந்தப் பாட்ட போன வருஷம் கோத்தப்ப கப்பலே இல்லையேன்னு பொறி தட்டுச்சு. பழைய புத்தகத்த எடுத்துப் பாத்தா கப்பல் இருக்கு. எனக்கு வேர்த்துப்போச்சு டீச்சர்.

அல்போன்சா: ஏன்?

மலைச்சாமி: கையெழுத்துல எழுதிக் குடுத்தது ஷீப்பு. ஆடு. நடுவுல ரெண்டு ஈ வரணும். அதுக்குப் பதிலா ஒத்த ஐ விழுந்து, ஷீப்பு ஷிப்பாயிருச்சு.

அல்போன்சா: ரெண்டு ஈ எங்க போச்சு?

மலைச்சாமி: அப்ப எங்க அச்சாபீஸுல ஈ தட்டுப்பாடு.

சூசையம்மாள்: ஈ தட்டுப்பாடா? தம்பி, எங்க அடுப்படிக்கு வாங்க. வேணுங்கறத பிடிச்சுக்கிட்டுப் போங்க.

அல்போன்சா: அம்மா... இங்கிலீஷ் எழுத்து. ஈயி.

சூசையம்மாள்: எனக்குத் தெரியும்டி. நானும் அஞ்சாப்பு படிச்சவதான். சிரிக்கட்டும்னு சொன்னேன். அந்த மனுசன் மூஞ்சியப் பாரு, எழவு சொல்ல வந்தவரு மாதிரி.

மலைச்சாமி: எழவுதாம்மா. அந்த வாரம் பொகையிலக் கம்பெனிக்காரரு ஒருத்தரு மகளுக்குக் கல்யாணம். பத்திரிகைய இங்கிலீஷுலேயே அடிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. இருக்கிற ஈ பெரும்பாலும் அதுல போயிருச்சு. பாட்டுக்கு ரெண்டே ரெண்டு ஈ கொறஞ்சுச்சு. எங்க பொம்மையன் இருக்கான்ல, அவன் என்ன செஞ்சான்னா...

அல்போன்சா: பொம்மையனா கோத்தாரு?

மலைச்சாமி: ஆமா. சின்னப்பய. அவசரக்காரன்.

அல்போன்சா: பொம்மையன் மெஷினு மிதிக்கிறவரு. அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதுன்னு நீங்கதான் எங்கிட்ட சொல்லியிருக்கீங்க.

மலைச்சாமி: அது... இப்ப கத்துக்கிட்டு வாரான்.

அல்போன்சா: இப்ப கத்துக்கிறவரு போன வருஷமே எப்படிக் கோத்தாரு, மலைச்சாமிண்ணே?

மலைச்சாமி: நான்தான் டீச்சர். என் கையிதான். நாளைக்கு ஈ வந்ததும் மாத்திக்கலாம்னு ஒரு ஐய சொருகி வச்சேன். மறந்துட்டேன். பதினோரு வருஷமா எழுத்துக் கோக்குறேன், இப்பிடி ஒரு கூத்து நடந்ததில்ல.

அல்போன்சா: சரி. ப்ரூஃப் பாத்தது யாரு? அவங்க கண்ணுல எப்படிப் படாமப் போச்சு?

மலைச்சாமி: அதச் சொல்ல வேணாம்னு பாத்தேன்.

அல்போன்சா: சொல்லுங்க.

மலைச்சாமி: நீங்கதான்.

அல்போன்சா: நானா?

மலைச்சாமி: கையெழுத்துப் போட்ட தாளு இருக்கு. 'சரியாக உள்ளது, அச்சிடலாம்'. கீழ அல்போன்சான்னு சுழிச்சு விட்டிருக்கீங்க.

சூசையம்மாள்: இந்தா, வாங்கிக்க.

அல்போன்சா: அன்னிக்கு அரைப்பரிச்சைத் தாளு நூத்து நாப்பது கிடந்துச்சும்மா. நான் எதப் பாத்தேனோ...

சூசையம்மாள்: காப்பி போடுறேன் தம்பி. இருந்து குடிச்சிட்டுப் போங்க. இவளும் செவ்வாய்க்கிழமைலேருந்து சரியாவே சாப்பிடல. மாநாடு, மாநாடுன்னு ஒரே...

அல்போன்சா: அம்மா, காப்பி.

சூசையம்மாள்: போறேன், போறேன்.

அல்போன்சா: இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். அது ஆடுதான்னு ஆதாரம் வேணும். பாட்ட எழுதிக் குடுத்த கையெழுத்துப் பிரதி எங்க?

மலைச்சாமி: அத மொதலாளி சம்சாரம் வடகம் காய வைக்கணும்னு எடுத்துட்டுப் போயிட்டாக.

அல்போன்சா: ஏதோ புத்தகத்தப் பாத்து அத எழுதிக் குடுத்த எங்க பள்ளிக்கூடத்துச் சிஸ்டரும் அவங்க ஊருக்குக் கப்பலேறிட்டாங்க.

மலைச்சாமி: அது நெசக் கப்பலா டீச்சர்?

அல்போன்சா: கிண்டலா?

மலைச்சாமி: ஐயய்யோ, இல்ல. பயத்துல என்ன பேசுறேன்னு தெரியல.

அல்போன்சா: மாநாட்டுத் தலைவரு எனக்குக் கடுதாசி போட்டிருக்காரு. அந்தப் பாட்டப் படிச்சப்பெல்லாம் தனக்கும் உப்புக்காத்து அடிச்சுச்சாம். ஏன்னு தெரியாம இருந்தாராம். என் கட்டுரையப் படிச்சதும் விளங்கிருச்சாம். அவரு முன்னாடி எந்திரிச்சு நின்னு, 'ஐயா, அது உப்புக்காத்து இல்ல, ஆட்டுப் புழுக்க வாடை'ன்னு சொல்லவா? யாரு சொன்னதுன்னு கேட்டா அச்சாபீஸ் மலைச்சாமின்னு சொல்லவா? அந்தக் கட்டுரைய நம்பித்தான் காலேஜு வேலைக்கு என் பேரு போயிருக்கு, தெரியுமா?

மலைச்சாமி: அது தெரிஞ்சுதான் மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. ஆனா ஆதாரம் வேணும்னீங்கல்ல... ஆதாரம் பாட்டுக்குள்ளேயே கெடக்கு டீச்சர்.

அல்போன்சா: உங்களுக்கு இங்கிலீஷ் விளங்குமா?

மலைச்சாமி: எட்டாப்புவரைக்கும் போனேன். அப்புறம் அச்சுல கத்துக்கிட்டது. பாதி தெரியும். மீதிய மோந்து பாத்துக்குவேன்.

அல்போன்சா: சரி. இந்தாங்க புத்தகம். எட்டு வரிதான். நான் வரி வரியா கேக்குறேன். நீங்க ஆட்டுக்குப் பேசுங்க, நான் கப்பலுக்குப் பேசுறேன்.

மலைச்சாமி: கோர்ட்டு மாதிரியா?

அல்போன்சா: கோர்ட்டு மாதிரிதான். உக்காருங்க. மொத வரி. சாயங்காலம் மலையிலேருந்து கப்பல் இறங்கி வருது.

மலைச்சாமி: இங்கேயே முட்டுதே டீச்சர். மலையில கப்பலு எப்பிடி ஏறுச்சு?

அல்போன்சா: அது மலை இல்ல. மலை மாதிரி அலை. புயல்ல அலை அம்புட்டு ஒசரத்துக்கு எந்திரிக்கும். கவிஞர் அலைய மலையாப் பாக்குறாரு. ஒரு பக்கம் எழுதியிருக்கேன்.

மலைச்சாமி: அலைன்னா அலைன்னே எழுதிட்டுப் போறாரு. அவருக்கு என்ன எழுத்துத் தட்டுப்பாடா?

அல்போன்சா: கவிஞர்ங்க நேரா சொல்ல மாட்டாங்க.

மலைச்சாமி: மலையிலேருந்து ஆடு வருதுன்னு நேராத்தான சொல்லியிருக்காரு. நாமதான் கோணலாக்கிட்டோம். இன்னொண்ணு டீச்சர்... கப்பலு ஒண்ணுன்னா, வருதுங்கற வார்த்தைக்குக் கடைசில ஒரு எஸ்ஸு விழணும்ல? இங்க எஸ்ஸு இல்லையே.

அல்போன்சா: அத நான் கவனிக்காம விடல.

மலைச்சாமி: கவனிச்சீங்களா?

அல்போன்சா: அதுக்கு ஒன்றரைப் பக்கம். கப்பல் இன்னும் வரல. 'வராதா, வரக்கூடாதா'ன்னு கவிஞரோட மனசு ஏங்குது. அந்த ஏக்கத்துல எஸ் உதிர்ந்து போச்சுன்னு எழுதியிருக்கேன்.

மலைச்சாமி: ஆமா ஆமா, கோத்தேன். ரொம்ப உருக்கமா இருந்துச்சு. ஆனா ஆட்டுக்கு இங்கிலீஷுல ஒருமையும் பன்மையும் ஒண்ணுதான்னு எங்க எட்டாப்பு வாத்தியாரு பிரம்பால அடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு. ஒரு ஆடும் ஷீப்பு, நூறு ஆடும் ஷீப்பு. நூறு ஆடு வந்தா எஸ்ஸு வராதுல்ல?

அல்போன்சா: ... வராது.

மலைச்சாமி: அப்ப அது ஏக்கம் இல்ல. இலக்கணம்.

சூசையம்மாள்: காப்பி எடுத்துக்கங்க தம்பி. என்னடி, மொத வரியிலேயே தோத்துட்டியா?

அல்போன்சா: இன்னும் ஏழு வரி இருக்கு. ரெண்டாவது, முன்னால மணி, பின்னால புழுதி. மணி, கப்பல் மணி. துறைமுகம் நெருங்குறப்போ அடிப்பாங்க. புழுதின்னா புழுதி இல்ல. பின்னால தெறிக்கிற தண்ணி. தூரத்துலேருந்து பாத்தா புழுதி பறக்குற மாதிரி இருக்கும்.

மலைச்சாமி: நீங்க தூரத்துலேருந்து பாத்திருக்கீங்களா டீச்சர்?

சூசையம்மாள்: இவளா? தூத்துக்குடிக்கு இவ சித்தி மக கல்யாணத்துக்குப் போனோம். கடக்கரைக்கு வாடி, கப்பல் பாக்கலாம்னேன். வெயிலு மண்டையப் பிளக்குதுன்னு படுத்துக்கிட்டா. எட்டுப் பக்கம் கப்பலப் பத்தி எழுதுறா!

அல்போன்சா: அம்மா, நீங்க எந்தக் கட்சி?

சூசையம்மாள்: நான் காப்பிக் கட்சி.

அல்போன்சா: சரி, நீங்க சொல்லுங்க. மணி ஏன் முன்னால?

மலைச்சாமி: முன்னால போற கெடாவுக்குத்தான் மணி கட்டுவோம். செம்மறி ஒண்ணும் வழி பாக்காது டீச்சர். தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வரும். அந்த மணிச் சத்தம்தான் அதுக்கு வழி. வெள்ளாடுன்னா சண்டித்தனம் பண்ணும், வேலியப் பாத்தா ஏறும். செம்மறி அப்பிடியில்ல.

அல்போன்சா: ஏன் தலையத் தொங்கப்போடுது?

மலைச்சாமி: அது சுபாவம். பகல்ல வெயிலுக்கு ஒண்ணோட வயித்து நெழல்ல இன்னொண்ணு தலைய விட்டுக்கிட்டு நிக்கும். நூறு ஆடும் அப்பிடியே. தனக்குன்னு ஒரு நெழலும் தேடாது.

அல்போன்சா: இருங்க... 'தனக்குன்னு ஒரு நெழலும்'... ம்.

மலைச்சாமி: என்ன டீச்சர் எழுதுறீங்க?

அல்போன்சா: உங்க வாதத்தக் குறிச்சுக்கிறேன். பதில் சொல்லணும்ல. புழுதி ஏன் பின்னால மட்டும்?

மலைச்சாமி: முன்னால வர்ற ஆட்டுக்கு மணி, பின்னால வர்ற ஆட்டுக்குப் புழுதி. ஆளுங்களுக்கும் அதான? எங்க அச்சாபீஸுல முன்னால மொதலாளி வருவாரு, சாவிக்கொத்து குலுங்கும். பின்னால நாங்க.

அல்போன்சா: மூணாவது வரி. கெழட்டு நாய் கடைசியில நடந்து வருது, யாரையும் பாக்கல. இதுக்கு என்ன சொல்றீங்க? இங்கிலீஷ்ல அனுபவப்பட்ட மாலுமிய கடல்நாய்னு சொல்லுவாங்க.

சூசையம்மாள்: வயசானவுகள நாய்ன்னா சொல்லுவாக? என்ன மரியாத கெட்ட பாஷைடி அது. அதப் படிக்கவா உங்கப்பா உன்னைத் திருச்சிக்கு அனுப்புனாரு?

அல்போன்சா: பாசமாத்தான் சொல்லுவாங்க.

சூசையம்மாள்: நான் உன்னப் பாசமா அப்பிடிக் கூப்பிடவா?

அல்போன்சா: அண்ணே, நீங்க சொல்லுங்க.

மலைச்சாமி: மாலுமி கடைசியில நடந்து வர்றாருன்னா, கப்பலுக்குப் பின்னாலயா நடந்து வர்றாரு? தண்ணி மேலயா?

அல்போன்சா: கப்பலோட பின்தளத்துல நடக்குறாருன்னு எழுதினேன்.

மலைச்சாமி: பாவம், எங்க நடக்க விட்டிருக்கீங்க அவர! டீச்சர், இது நாயி. எளவட்ட நாயி பக்கத்துல ஓடும், முன்னால ஓடும், ஓணானப் பாத்தா அது பின்னால ஓடும். கெழட்டு நாயிதான் கடைசியில வரும். நொண்டுற ஆடு, சூலாடு, இதுகள விட்டுட்டு வர அதுக்கு மனசு வராது.

அல்போன்சா: ஏன் யாரையும் பாக்கல?

மலைச்சாமி: அங்கதான் டீச்சர் விசயமே இருக்கு.

அல்போன்சா: என்ன?

மலைச்சாமி: சாயங்காலம் ஆட்டுக் கிடைக்குத் திரும்புற நாயி ஆளப் பாத்தா வாலாட்டும், மூஞ்சியப் பாக்கும். 'எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன், பாத்தியா'ங்கற மாதிரி. இந்த நாயி பாக்கல. ஏன்னா ஒண்ணு கொறையுது. ஆளுக்கு எண்ணுனாத்தான் தெரியும். நாய்க்கு எண்ணாமலே தெரியும். அதான் மூஞ்சியக் குடுக்கல.

அல்போன்சா: அப்போ ஒரு ஆடு காணாமப் போச்சுங்கறத பாட்டுல எங்கேயுமே சொல்லல... ஆனா மூணாவது வரியிலேயே...

மலைச்சாமி: பாட்டுக்காரரு சொல்லல. நாயி சொல்லுது.

அல்போன்சா: இருங்க, இருங்க. பேசாதீங்க. எழுதிக்கிறேன்.

சூசையம்மாள்: எதிர்க்கட்சி பேசுறத இம்புட்டு அக்கறையா எழுதுற வக்கீல நான் பாத்ததில்ல.

அல்போன்சா: நாலாவது வரி. சின்னதுங்கல்லாம் நடுவுல நெருக்கியடிச்சு வருது. நான் படகுங்கன்னு எழுதினேன்.

மலைச்சாமி: குட்டிக. இதுக்குச் சண்டை வேணாமே டீச்சர்.

அல்போன்சா: வேணாம். விட்டுட்டேன்.

மலைச்சாமி: விட்டுட்டீங்களா? படகெல்லாத்தையுமா?

அல்போன்சா: அடுத்ததுக்கு வாங்க. அஞ்சும் ஆறும். கதவுகிட்ட ஒரு ஆள் நின்னு எண்ணுறாரு. மறுபடி எண்ணுறாரு. கதவு துறைமுகத்து வாசல். ஆள் கேப்டன். மொத தடவ மாலுமிகள எண்ணுறாரு. ரெண்டாவது தடவ எண்ணுறது, கடைசி நாள்ல ஆண்டவர் நம்ம பாவ புண்ணியத்த எண்ணுறது. இந்த எடத்துக்குத்தான் தலைவர் சிவப்பு மையால கோடு போட்டு 'ஆகா'ன்னு எழுதியிருந்தாரு.

மலைச்சாமி: ஆண்டவரு ரெண்டு தடவயா எண்ணுவாரு? அவருக்கு ஒரு தடவையில தெரியாதா?

சூசையம்மாள்: அதான! இத ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்ட சொல்லிப்புடாதடி.

மலைச்சாமி: எண்ணுனது சரியா வந்தா எவனாச்சும் திருப்பி எண்ணுவானா டீச்சர்? கொறஞ்சாத்தான் எண்ணுவான். நம்ம தப்பா இருக்கும், ஆடு இருக்கும்னு ஒரு நப்பாசை.

அல்போன்சா: நப்பாசை...

மலைச்சாமி: ரெண்டு தடவதான் எண்ணுறாருல்ல? மூணாவது தடவ எண்ணலல்ல? மூணாவது எண்ண மாட்டாக. ரெண்டாவதுலேயே மனசுக்குத் தெரிஞ்சுபோகும்.

அல்போன்சா: ஒங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

மலைச்சாமி: எனக்குக் கன்னிவாடி. எங்க தாய்மாமன் சுருளிவேல் கிடை போடுறவரு. அறுவடை முடிஞ்ச காட்டுல ராப்பொழுது ஆட்ட மடக்கிப்போட்டா நெலத்துக்கு எரு. அவரு பின்னாடி மலையடிவாரமெல்லாம் சுத்துனவன் நானு. அச்சாபீஸுக்கு வர்றதுக்கு முந்தி எனக்கு அதான் வேல.

அல்போன்சா: கன்னிவாடிப் பக்கத்துலேருந்து எங்க வகுப்புல ஒரு பொண்ணு படிக்குது. பொன்னழகுன்னு. இந்தப் பாட்டு நடத்துனப்போ எந்திரிச்சுக் கேட்டுச்சு. 'மலையில கப்பல் எப்படி டீச்சர் வரும், ஆடுன்னா வரும்'னு.

மலைச்சாமி: அட! நீங்க என்ன சொன்னீங்க?

அல்போன்சா: 'கவித ரசனை இல்லாதவ, நில்லு'ன்னு மணி அடிக்கிறவரைக்கும் நிக்க வச்சேன்.

சூசையம்மாள்: பாவிமகளே.

அல்போன்சா: திங்கக்கிழமை அந்தப் பொண்ணக் கூப்பிட்டு, எல்லாரு முன்னாலயும் நான் நிக்கப் போறேன். மணி அடிக்கிறவரைக்கும்.

மலைச்சாமி: விடுங்க டீச்சர். நின்னதுல அதுக்கொண்ணும் ஆயிருக்காது. ஆடு மேய்க்கிற வீட்டுப் புள்ளைக்கு நிக்கிறது பழக்கம்தான்.

அல்போன்சா: ஏழாவது வரி. குடிசையில வெளக்கு எரியுது. யாரும் அவரச் சாப்பிடக் கூப்பிடல. நான் என்ன எழுதினேன்னா... கேப்டனுக்கு உத்தார் உறவு இல்ல, உலகத்துல அநாதைன்னு.

மலைச்சாமி: வெளக்கு எரியுதுல்ல டீச்சர்? வெளக்க ஏத்துனது யாரு?

அல்போன்சா: ... ஆமால்ல.

மலைச்சாமி: உள்ள ஆளு இருக்கு. சோறாக்கி வச்சிருக்கு. ஆனா கூப்பிடல.

அல்போன்சா: கோவமா?

மலைச்சாமி: கோவமா! எங்க அத்த மாயக்காள நான் பாத்திருக்கேன். ஒருக்கா மாமாவுக்கு ஒரு ஆடு கொறஞ்சுபோச்சு. எண்ணுனாரு. திருப்பி எண்ணுனாரு. பட்டி வாசல்ல சாத்துற படல் ஓரமா உக்காந்துட்டாரு. அத்த உள்ளேருந்து பாத்துச்சு. கம்பஞ்சோறும் வெஞ்சனமும் எடுத்து வச்சு மூடுச்சு. கூப்பிடவே இல்ல. எனக்கு மட்டும் போட்டுச்சு. நான், 'ஏன்த்த, மாமாவக் கூப்பிடலையா'ன்னேன்.

அல்போன்சா: என்ன சொன்னாங்க?

மலைச்சாமி: 'கூப்பிட்டா வர முடியாதுன்னு அவரு வாயால சொல்லணும்ல. அத எதுக்கு நான் சொல்ல வைக்கணும்'னுச்சு. கூப்பிடாம இருந்தாகன்னா அநாதைன்னு அர்த்தமில்ல டீச்சர். அந்த வீட்டுல ஆளத் தெரிஞ்ச பொம்பள இருக்குன்னு அர்த்தம்.

சூசையம்மாள்: உங்கப்பா வேலை போன அன்னிக்கு நானும் கூப்பிடலடி. தட்ட மூடி வச்சிட்டு உக்காந்திருந்தேன்.

அல்போன்சா: நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா.

சூசையம்மாள்: நீ கப்பலப் பத்தி எழுதிக்கிட்டிருந்த, நான் எங்க சொல்ல. காப்பி ஆறுது, குடிங்க தம்பி.

அல்போன்சா: கடைசி வரி. கதவு தெறந்தே கெடக்கு. பாவிகளுக்கும் மோட்ச வாசல் தெறந்திருக்குன்னு எழுதினேன். இதாவது...

மலைச்சாமி: அது நல்லாத்தான் இருக்கு. வேணும்னா வச்சுக்கங்க.

அல்போன்சா: எனக்கு இனாம் வேணாம். உண்மையச் சொல்லுங்க.

மலைச்சாமி: வழிதவறுன ஆடு தானா திரும்பி வந்தாலும் வரும். வந்து பாக்குறப்ப படல் சாத்தியிருந்தா, கத்திக்கிட்டு வெளியவே நிக்கும். நரி கவ்விரும். அதுக்காகத் தெறந்து வைக்கணும். ஆனா தெறந்து வச்சா உள்ள இருக்கிற நூறும் வெளிய போயிரும்ல? அதனால அந்த எடத்துல ஆளு உக்காரணும். அவருதான் கதவு. கதவு தெறந்து கெடக்குன்னா, அங்க ஒருத்தரு முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்காருன்னு அர்த்தம்.

அல்போன்சா: அவருதான் கதவு...

மலைச்சாமி: வேகமா எழுதுறீங்களே டீச்சர். கை வலிக்கப்போகுது.

அல்போன்சா: உங்க மாமாவோட ஆடு வந்துச்சா?

மலைச்சாமி: அன்னிக்கு வரல. மூணாம் நாளு நிலக்கோட்டைச் சந்தையில எவனோ ஒருத்தன் கயித்துல நின்னுச்சு. மாமாவப் பாத்ததும் கத்துச்சு பாருங்க, சந்தையே திரும்பிப் பாத்துச்சு. 'உன் ஆடுன்னு என்ன சாட்சி'ன்னான் அவன். மாமா ஒண்ணும் பேசல. திரும்பி நடந்தாரு. அது கயித்தோட அந்த ஆளையும் சேத்து இழுத்துக்கிட்டு மாமா பின்னாடியே வந்துருச்சு. சந்தை தாண்டி, பஸ் நிக்கிற எடம் வரைக்கும்.

சூசையம்மாள்: அய்யோ, எனக்கு வயிறு வலிக்குது... கள்ளன ஆடு இழுத்துட்டு வந்துச்சா!

மலைச்சாமி: வேட்டி அவுந்து, செருப்பு போயி...

அல்போன்சா: அண்ணே, நான் தோத்துட்டேன். எட்டு வரியும் ஆடுதான். கட்டுரைய நிறுத்தணும். நாளைக்கு மெஷின்ல ஏறும்ல?

மலைச்சாமி: ஏறாது.

அல்போன்சா: ஏன்?

மலைச்சாமி: திட்டக் கூடாது.

அல்போன்சா: சொல்லுங்க.

மலைச்சாமி: நேத்தே எட்டுப் பக்கத்தையும் பிரிச்சு, எழுத்துப் பெட்டியில அதது கண்ணறையில போட்டுட்டேன். கோத்து வச்சது கை நழுவிக் கீழ விழுந்துருச்சுன்னு மொதலாளிட்ட சொல்லிட்டேன். அவரு வெரட்டாத கொறை. உங்களுக்கு இத எப்பிடிச் சொல்றதுன்னுதான் இன்னிக்கு வந்தேன்.

அல்போன்சா: எங்கிட்ட கேக்காமயா?

மலைச்சாமி: கேட்டு, நீங்க 'கப்பலே இருக்கட்டும்'னுட்டா? அது மலர்ல வந்து, படிச்ச ஒருத்தரு மூலத்தைக் காட்டிச் சிரிச்சுட்டா? என் ஒரு எழுத்தால உங்க பேரு போகலாமா?

அல்போன்சா: எப்ப மறுபடி கோப்பீங்க?

மலைச்சாமி: புதுசு குடுத்தீங்கன்னா புதன்கிழமைக்குள்ள. ஆடு எத்தன தடவ வரும்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க. ஈ வரவழைக்கணும்.

அல்போன்சா: சொல்றேன். உங்க மாமா பேரு கன்னிவாடி சுருளிவேல், அத்த மாயக்காள். சரிதானே? உங்க பேருக்கு முன்னால எழுத்து என்ன?

மலைச்சாமி: எங்க பேரு எதுக்கு டீச்சர்?

அல்போன்சா: கட்டுரையில போட வேணாமா? யார் சொன்ன அர்த்தம்னு.

மலைச்சாமி: செத்த இருங்க. வந்ததுலேருந்து பாக்குறேன். என்னைய ஒரு வார்த்த திட்டல. ஆட்டுக்கு எதுக்கு மணி, நாயி ஏன் பாக்கல, ஏன் கூப்பிடலன்னு நோண்டி நோண்டிக் கேட்டீங்க. நான் பேசுனத ஒண்ணு விடாம எழுதிக்கிட்டீங்க. கப்பலு முழுகிப்போச்சேன்னு முகத்துல ஒரு வருத்தமும் காணோம். எப்பிடி டீச்சர்?

அல்போன்சா: கட்டுரைக்குன்னு கேட்டிருந்த பாட்டோட மூலப் புத்தகம் செவ்வாய்க்கிழமையே மெட்ராஸ்லேருந்து வந்துருச்சுண்ணே. ஆடுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். காய்ச்சல், மாநாட்டுக்கு வர முடியலன்னு கடுதாசிகூட எழுதி வச்சிட்டேன். ஏன்னா கப்பலத் தூக்கிட்டா எனக்கு எழுத ஒண்ணுமே இல்ல, நான் ஆட்டக் கறிக்கடையில மட்டும்தான் பாத்திருக்கேன். நீங்க வந்து 'ஆடு'ன்னதும், 'தெரியும்'னு சொல்லிருந்தா ஒரு கும்பிடு போட்டுட்டு அப்பவே போயிருப்பீங்க. இந்தப் பாட்ட எனக்கு யாரு நடத்தியிருப்பா?